எங்கப்பா சொன்ன பதில்

எங்கப்பாவுக்கு யார் மேலயும் வெறுப்பு கெடையாது. அத மொதல்ல சொல்லிடணும், இல்லன்னா அவர தப்பா நெனச்சிப்பீங்க.

பென்னலூர்ல எங்க வூட்டுக்குப் பின்னாடி வரிசையா ரூம் கட்டி வாடகைக்கு வுட்டிருந்தோம். அதுல ஒண்ணுல பீகார்லேர்ந்து வந்தவரு இருந்தாரு. ஒரகடத்துல எனக்கும் அவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன். கட்டிக்கினா இவரத்தான்னு முடிவு பண்ணிட்டு, வூட்ல எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கினு இருந்தேன்.

அப்பதான் மனோதத்துவம் படிக்கிற ஒரு பொண்ணு ஆராய்ச்சிக்குன்னு வந்துச்சு. வெளியூர் ஆளுங்களப் பத்தி உள்ளூர்க்காரங்க மனசுல இன்னா கீதுன்னு வூடு வூடா கேக்குதாம். நான் உள்ள டீ போட்டுக்கினே காத தீட்டிக்கினு நின்னேன்.

"வடநாட்டு ஆளுங்க பக்கத்து வூட்ல இருக்கலாமா?"

"நானே ரூம் வுட்டுக்கீறேனே."

"கூட உக்காந்து சாப்பிடுவீங்களா?"

"அவங்க போடுற சப்பாத்திய நீ துன்னுப் பாரும்மா!"

"உங்க பொண்ணு அவங்கள்ல ஒருத்தர கட்டிக்கினா?"

அப்பா யோசிக்கவேயில்ல. "நல்ல பையனா இருந்தா போதும். எல்லாம் மனுசங்கதானே."

பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்துது, நான் அழுதுக்கினே சிரிச்சிக்கினு நிக்கிறேன்.

அந்தப் பொண்ணு தெருமுனைய தாண்டியிருக்காது, அப்பாகிட்ட எங்க விஷயத்த சொல்லிட்டேன். அவரு டீ கிளாஸ கீழ வச்சாரு. கத்தல. "கேட்டுச்சு, சொன்னேன். உன்ன நெனச்சா சொன்னேன்?" அவ்ளோதான். வேற எந்தப் பொண்ணு கீது இவருக்கு? நான் ஒருத்திதானே!

அந்த வாரமே ரூம காலி பண்ணச் சொல்லிட்டாரு. வா, எங்கனா போயிடலாம்னு நான் பீகார்காரர கெஞ்சினேன். "காய்ச்சல்ல கெடந்தப்போ உங்கப்பாதான் கஞ்சி கொண்டாந்து குடுத்தாரு. அவருக்கு நான் துரோகம் பண்ண மாட்டேன்"னுட்டு ஊருக்கே கெளம்பிட்டாரு. அந்தக் கஞ்சிய வச்சது நான். நெஞ்சு வெடிக்கலியேன்னுதான் இப்பவும் ஆச்சரியமா கீது.

கொஞ்ச மாசம் கழிச்சு அதே பொண்ணு திரும்பி வந்துச்சு. மனசு மாறியிருக்கான்னு பாக்க அதே கேள்விங்களாம். நான் வாசப்படியிலயே நின்னேன். அப்பா என்னப் பாத்தாரு. பாத்துட்டு, அதே பதில அப்படியே சொன்னாரு. பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது. நெசமாவே நம்புறாரு.

அந்தப் பொண்ணுக்கு ரொம்ப சந்தோஷம். "உங்கள மாதிரி இந்த ஊர்ல எத்தன பேரு சார் இருப்பாங்க?"

"எல்லாரும் என்ன மாதிரிதான்மா"ன்னாரு அப்பா.