அப்பா நீட்டாத கால்கள்

அப்பாவின் முதலாண்டு நினைவுக் கூடுகைக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், இரண்டாகிப் போன எங்கள் சபையாருக்கும் மூத்த மகளின் வணக்கம்.

உப்பிலியபுரத்துப் பக்கம், பச்சைமலை அடிவாரத்துச் சிற்றூரில் அப்பா பிறந்தார்கள். தாத்தா காலத்தில் நாலைந்து விவசாயக் குடும்பங்கள் ஒரு மாட்டுக்கொட்டகையில் கூடி ஆரம்பித்ததுதான் எங்கள் மெனோனைட் சபை. ஸ்ரீரங்கத்தில் என் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா இன்றும், "உங்க சபைப் பேரு வாயிலயே நுழையலங்க" என்பார். நாங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டோம். சத்தியம் செய்ய மாட்டோம். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன்னால், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். மனஸ்தாபம் உள்ளவர்கள்தான் முதலில் எதிரெதிரே உட்கார வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

மழை பொய்த்த காலத்தில் அப்பா அரியமங்கலம் பட்டறையில் வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தார்கள். சனிக்கிழமை பஸ் பிடித்து ஊர் வந்து, ஞாயிறு காலையில் சபையைப் பெருக்கிப் பாய் விரிப்பார்கள். அத்தனை நல்ல மனிதருக்குக் கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும்.

அந்தக் கோபம்தான் சபையை உடைத்தது. எங்கள் சபையில் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பா, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று ஒரு கீபோர்டு வாங்கி வந்தார். "எடுத்துட்டுப் போடா வெளியே!" என்று எல்லோர் முன்னிலையிலும் அப்பா கத்தினார்கள். சித்தப்பா கீபோர்டோடு பாதிக் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு போய், கடைவீதியில் தனியாகச் சபை நடத்தினார். ஒரு கீபோர்டுக்காகவா!

அதன்பின் ஒவ்வொரு திருவிருந்திலும் அப்பா மற்றவர் கால்களைக் கழுவினார்கள். தம் காலை யாரிடமும் நீட்டவில்லை. "இது தம்பி கழுவ வேண்டிய கால். அவன் வரட்டும்" என்பார்கள்.

"நீங்க போய்க் கூப்பிட்டா என்னப்பா, குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டால், "மூத்தவன் நான்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அங்கே சித்தப்பாவும், "அண்ணன் ஒரு வார்த்தை கூப்பிடட்டும், ஓடி வரேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். வீம்புக்கு ஏது மருந்து? இப்படியே வருஷங்கள் போயின. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர, இரண்டு இடத்திலும் பாய்கள் காலியாகக் கிடந்தன.

சர்க்கரையால் அப்பாவின் இடது கால் புண்ணாகி, திருச்சி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பின் அப்பா என் வீட்டில் இருந்தார்கள். கேள்விப்பட்டுச் சித்தப்பா ஓடி வந்தார். குளியலறையிலிருந்து ஒரு பேசினில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கட்டிலருகே மண்டியிட்டார். போர்வையை விலக்கியதும் தேம்பித் தேம்பி அழுதார்.

அப்பா அவர் தலையில் கைவைத்து, "ரெண்டும் இருந்தப்ப வரலையேடா... நானும் கூப்பிடலையே. சரி, இருக்கிறதைக் கழுவு" என்றார்கள்.

அந்த வாரமே அப்பா கர்த்தரிடம் போய்விட்டார்கள். தம்பியின் காலைத் தாம் கழுவ அவர்களுக்கு நாள் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

முகம் சுளிக்காமல் புண்ணுக்குக் கட்டுப்போட்ட நர்சம்மாவுக்கும், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அடக்கத்தன்று ஒன்றாக நின்று பாடிய இரு சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வரும் திருவிருந்துக்குப் பழைய சபையில் பேசினும் துண்டும் வைத்திருப்பேன். கீபோர்டையும் கொண்டு வாருங்கள். யார் முதலில் கூப்பிடுவது என்று இனி யாரும் காத்திருக்க வேண்டாம், நான் கூப்பிட்டுவிட்டேன். ரெண்டு காலும் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.