பாரி நாற்பத்தொன்று

எல்லிஸ் பாரியும் நானும் சிலேட்டுக்கல் குவாரியில் பதினோரு வருடம் ஒரே கொட்டகையில் வேலை செய்தோம். அவன் உளியை வைத்துத் தட்டினால் கல் ஏடு ஏடாகப் பிரியும். ஓரம் நறுக்கிச் சதுரமாக்குவது என் பாடு. அவன் யார்மேலும் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. நவம்பரில் வீட்டுப் பன்றியை வெட்ட ஆள் வந்தால் மலைமேல் ஏறிப் போய்விடுவான். அவன் மனைவி நெஸ்டாதான் ரத்தம் பிடிக்கச் சட்டியோடு நிற்பாள்.

1915இல் எங்கள் சேப்பல் போதகரே மேடையேறிப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார். குவாரியில் வேலையும் குறைந்திருந்தது. எல்லிஸ் பெயர் கொடுத்தான். எனக்கு வயது தாண்டிவிட்டது. மறு வருடக் கோடையில், பிரான்சில் மாமெட்ஸ் காட்டில், எங்கள் வேல்ஸ் படை கொத்துக் கொத்தாக விழுந்தது. எல்லிஸ் அதில் தப்பினான். மூன்று மாதம் கழித்து, பதுங்குகுழியில் குண்டு விழுந்து செத்தான். வயது முப்பத்துநான்கு.

கிறிஸ்துமஸுக்கு முன் தபாலில் வீரப் பதக்கம் வந்தது. கூட வந்த தாள் இங்கிலீஷில் இருந்தது. தபால்காரர் படித்துச் சொன்னதை நம்பாமல் நெஸ்டா என்னிடம் கொண்டுவந்தாள். நானும் அதையேதான் படித்தேன். மாமெட்ஸ் காட்டில் பாரி தனியாளாக எதிரியின் எந்திரத் துப்பாக்கிக் குழிக்குள் குதித்து, அங்கிருந்த ஏழு பேரையும் துப்பாக்கி முனைக் கத்தியால் கொன்றான். அதனால் நாற்பது பேர் பிழைத்தார்கள்.

"இது அவரு இல்ல, ஹுவெல் அண்ணே."

"பதக்க விளிம்புல பேரும் நம்பரும் வெட்டியிருக்கு பாரும்மா."

"எவனோ கிளார்க் எழுதிக் குடுத்ததைத்தான வெட்டியிருப்பான்? அந்தப் படையில இன்னொரு எல்லிஸ் பாரி இருந்தான். கடைசி ரெண்டு நம்பரை வெச்சுத்தான் கூப்புடுவாங்கன்னு இவரே எழுதினாரு. இவரு நாப்பத்தொண்ணு. அவன் எழுபத்தெட்டு."

எழுபத்தெட்டும் அந்தக் காட்டிலேயே செத்துப்போயிருந்தான். பட்டாள ஆபீசுக்கு எழுதினாள். பதிவு சரிதான் என்று பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததே அவளுக்குச் சந்தேகம். "என் கத்தியப் பாத்தாலே ஓடுவான், அவனாவது குத்துறதாவது!" என்று கசாப்புக்காரர் கடையில் சிரித்தாராம். வேறொருத்தி என்றால் சண்டைக்குப் போயிருப்பாள். இவள், "பாத்தீங்களா, அவரும் அதத்தான் சொல்றாரு" என்றாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வசந்தத்தில், எல்லிஸோடு படையில் இருந்த இத்வல் ஒரு கையை இழந்து ஊர் திரும்பினான். நெஸ்டா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஓட்ஸ் ரொட்டியும் மோரும் வைத்தாள். என்னையும் இருக்கச் சொன்னாள்.

"தம்பி, அந்தக் குழிக்குள்ள குதிச்சது..."

"எழுபத்தெட்டுதான்க்கா. ஆபீஸ்ல மாத்திப் போட்டுட்டாங்க."

நாலைந்து மாதமாக அவள் கேட்கத் தவித்த பதில். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"நான் கேட்டு முடிக்கலையே. யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

இத்வல் என்னைப் பார்த்தான். அவளும் என்னைப் பார்த்தாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"அவருதான்க்கா சொல்லிக் குடுத்தாரு" என்றான் இத்வல். குரல் இறங்கிவிட்டது. "குழிய விட்டு வெளிய வந்தவரு மூணு நாள் வாயே தொறக்கல. கைய மண்ணு போட்டுத் தேச்சுக்கிட்டே இருந்தாரு. 'நெஸ்டா கேட்டா எழுபத்தெட்டுன்னு சொல்லிடுடா'ன்னாரு. அந்த நாப்பது பேர்ல நானும் ஒருத்தன்க்கா."

நெஸ்டா அவன் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

"சாப்ட்டாரா?"

"நாலாம் நாளு. கொஞ்சம்."

"சரி. நீ குடி" என்று மோரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் போன பிறகு, "பதினோரு வருஷம் பக்கத்துல நின்னீங்க. அவரால இது முடியும்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா."

"எனக்கும் தெரியல."

அதுவரை தபால் உறையிலேயே கிடந்த பதக்கத்தை வெளியே எடுத்தாள். அடுப்புக்கு மேல் இருந்த இரண்டு பீங்கான் நாய்ப் பொம்மைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, "நேரா இருக்கா?" என்றாள். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொன்னேன்.