ஆத்தாளுக்கு எந்தத் தண்ணீர்?

1962 ஜூலை 23, திங்கட்கிழமை, மாலை மூன்று மணி. குற்றாலத்து அருவிநீர் ஆறாகித் திரும்பும் பாலத்தடியில் இடுப்பில் புதுக் குடத்தோடு நின்றிருந்தேன். மறுநாள் எங்கள் அம்மனுக்கு ஆடிக்கொடைத் திருவிழா. தென்காசிக்கு மேற்கே, எங்கள் பறையர் தெருவில், கொடைக்கு முதல்நாள் மணமாகாத பெண்ணொருத்தி குற்றாலத் தீர்த்தம் சுமந்து வரவேண்டும். அந்த ஆண்டு முறை எனக்கு. பாளையங்கோட்டையில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவள், அதற்காகவே விடுப்பில் வந்திருந்தேன்.

பூசாரி என் பெரியப்பா. "இங்கனயே மோந்துக்கோட்டி" என்றார்.

அருவியில் குளிப்பவர்களின் எண்ணெயும் சீயக்காயும் நுரைத்துக் கடக்கும் இடம் அது. எங்கள் தெரு அங்கேதான் குடம் நிறைத்து வந்தது. ஆத்தாளுக்குக் கீழ்த்தண்ணீர்தான் இஷ்டம் என்பது எங்களவர் நம்பிக்கை.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கொடையில் எங்கள் பெண்கள் கும்மியடித்துப் பாடும் கதையில் அம்மன் மலையுச்சியில் பிறக்கிறாள். அருவியோடு குதித்து எங்களிடம் வருகிறாள். பாலத்தடி அந்தப் பாட்டில் இல்லை. பாட்டில் இல்லாததை அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார்: அவருடைய தாத்தா காலத்தில் அருவியடியில் மேல்சாதிக்காரர்கள் எங்கள் குடத்தைக் கம்பால் உடைத்தார்கள்; சுமந்தவளையும் அடித்தார்கள். அடுத்த கொடைக்குத் தண்ணீர் கீழே மோக்கப்பட்டது. வாங்கிய அடி ஒரு தலைமுறையில் வழக்கமாயிற்று. அடுத்த தலைமுறையில் தெய்வத்தின் விருப்பமாயிற்று.

"பெரியப்பா, பாட்டுல ஆத்தா எங்கன இருந்து வாரா?"

"மேல இருந்துதான். அதுக்கு என்ன?"

"அப்பம் தண்ணி மட்டும் ஏன் கீழ?"

"படிச்ச திமிரு! பண்ணைக்குத் தெரிஞ்சா நாளைக்கு வயலுக்கு எவன் கூப்பிடுவான்? ஆத்தா கோவிச்சு அம்மை போட்டா நீயா பாப்பே?"

எங்களோடு வந்திருந்த சித்தி சிரித்துவிட்டாள். அவள் குடும்பம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து வெகுகாலம். ஆனாலும் தீர்த்தத்துக்கு வராமல் இருந்ததில்லை. "உங்க ஆத்தாளுக்கு அழுக்குத் தண்ணி, எங்க ஏசுவுக்குக் கடைசி வரிசை. நற்கருணை வாங்கவும் நாங்க பின்னாலதான மச்சான் நிக்குதோம்? சாமி ரெண்டும் நம்மளால கெட்டுது" என்றாள்.

பெரியப்பா அவளை முறைத்தார். அதற்குள் நான் பாலத்தைக் கடந்துவிட்டேன்.

ஆலயங்களில் எல்லோரும் நுழையலாம் என்று சட்டம் வந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அருவிக்கோ கதவே கிடையாது. பெண்கள் குளிக்கும் பக்கத்தில், ஈரப் பட்டுச்சேலையோடு நின்ற ஓர் அம்மாள் குடத்தையும் அதில் கட்டியிருந்த வேப்பிலையையும் பார்த்தார்.

"எந்த ஊரும்மா? எந்தத் தெரு?"

இரண்டாம் கேள்விதான் கேள்வி என்பது எனக்குத் தெரியும். "பறையர் தெரு. எங்க அம்மனுக்குத் தண்ணி" என்றேன்.

அவர் சேலையைச் சுருட்டிக்கொண்டு விலகினார். அவரைப் பார்த்து நாலைந்து பேர் விலகினார்கள். கூட்ட நாளில் அருவிக்குக் கீழே அவ்வளவு இடம் யாருக்கும் கிடைத்திருக்காது. குடத்தை ஏந்தினேன். நீர் விழுந்த வேகத்தில் கை மரத்தது; குடம் உடையவில்லை.

திரும்பி வந்தபோது பெரியப்பா கையில் ஒரு செம்பு இருந்தது. பாலத்தடியில் அவரே மோந்தது. "நாளைக்கு இதான் ஆத்தா தலைல விழும். உன் தண்ணிய வாய்க்கால்ல கொட்டு" என்றார். ஊர் சேரும்வரை அவர் செம்போடு முன்னால் நடந்தார். நான் கொட்டவில்லை. வீட்டில் நெல்லைப் பரப்பி அதன்மேல் குடத்தை வைத்தேன். அப்பா பார்த்தார், விளக்கை அதனருகே நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை தெரு முழுவதும் அம்மன் பீடத்தைச் சுற்றி நின்றது. பெரியப்பா செம்பைத் தூக்குமுன் நான் குடத்தோடு படியேறினேன்.

"பொம்பள பீடத்துல ஏறுதா! ஏ, இறங்குட்டி!" என்று ஒருவர் கத்தினார்.

"ஆத்தாளும் பொம்பளதான்" என்றேன். பெரியப்பா குறுக்கே வந்தார். நான் நகரவில்லை. அவர் கை என் தோள்வரை வந்து, அங்கேயே நின்றது. குடத்தை அம்மன் தலைமேல் சாய்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தேன்.