வீடு தூக்கும் விசில்காரர்

வீட்டைத் தூக்க வந்தவர் சுவரில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஒரு சுவர் முடிந்தால் அடுத்த சுவர், ஓர் அறை முடிந்தால் அடுத்த அறை. நடுவில் யாராவது பேசினால் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். "டாக்டர் என்ன சொல்றாரு? காய்ச்சல் இருக்காமா?" என்று அக்கா என்னிடம் கிசுகிசுத்தாள். வீடு அவளுடையது. ஆனாலும் அவளுக்கு எதிலும் விளையாட்டுதான்.

தெருவை வருஷாவருஷம் உயர்த்திப் போட்டதில் அக்கா வீடு பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. மழை வந்தால் கட்டிலுக்கடியில் செருப்பு மிதக்கும். இடிக்க வேண்டாம், அப்படியே தூக்கிவிடலாம் என்று யாரோ சொல்ல, இந்த மனிதர் வந்து சேர்ந்தார். சுவர்களை அஸ்திவாரத்திலிருந்து அறுத்துப் பிரித்து, இரும்புச் சட்டம் கொடுத்து, கீழே வரிசையாக ஜாக்கிகளை நிறுத்துவார். ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஓர் ஆள். இவர் விசில் ஊதினால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருகுவார்கள். வீடு ஒரு நூல் அளவு உயரும். மறுபடி விசில். அதனால் எல்லாருக்கும் அவர் விசில்காரர்.

குள்ளமான ஆள். அத்தனை மண்ணிலும் சட்டையில் அழுக்குப் படாமல் எப்படி வேலை பார்க்கிறார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டைப் படாரென்று சாத்தினால் முகம் சுருங்கிவிடும். "வீட்டுக்குத் தெரியாமத் தூக்கணும் சார். இத்தனை வருஷம் ஒரே எடத்துல இருந்திருக்கு. இருந்த மாதிரியேதான் இருக்கப் பாக்கும். திடீர்னு ஆட்டினா நம்மகூட வராது, ஒடஞ்சுரும்."

என் வாய் சும்மா இருக்குமா? "அதுபாட்டுக்கு அசையாம நிக்குது, அதுக்கு என்னங்க தெரியப்போகுது?" என்றேன்.

"அசையலைன்னா சும்மா இருக்குன்னு அர்த்தமா? பாரம் கீழ அமுக்குது, ஜாக்கி மேல தள்ளுது. ரெண்டும் விட்டுக்குடுக்கல, அதான் நிக்குது. கயிறு இழுக்கறப்ப ரெண்டு பக்கமும் சமபலம்னா கயிறு அசையாதுல்ல? அசையலையேன்னு நடுவுல போய் நிப்பீங்களா?"

அதைக் கேட்ட பிறகு அக்கா வீட்டுக் கூடத்தில் என்னால் நிம்மதியாக நிற்க முடியவில்லை. பழகிய சுவர்கள்தான். நாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுபோல் தோன்றிற்று.

தூக்கும்போது வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட வேண்டும். விசில்காரரின் மனைவி மட்டும் உள்ளே போவாள். கூடத்தின் நடுவில் ஒரு தட்டில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, எதிரில் உட்கார்ந்துகொண்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று குரல் கொடுப்பாள். "ஏங்க, சமையல்கட்டுப் பக்கம் எறங்குது." உடனே அந்தப் பக்கத்து ஆட்கள் மட்டும் கொஞ்சம் திருகுவார்கள். கல்யாணமானதிலிருந்து எல்லா வீட்டிலும் அவள்தான். பயமாக இல்லையா என்று அக்கா கேட்டதற்கு, "அவருதானே ஊதறாரு" என்றாள்.

அன்று வீடு முழங்கால் உயரம் எழும்பியிருந்தது. இந்தப் பக்கம் குனிந்தால் அந்தப் பக்கத் தெரு தெரிந்தது. வீட்டுக்கடியில் வெயில் விழுந்து கிடந்தது. பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டதுபோல், சட்டென்று நிமிர்ந்துகொண்டேன். அக்கா வளர்க்கும் பூனை அடியில் நுழையப் போய், நின்று, திரும்பாமலே பின்பக்கமாக நடந்து வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம். யாரோ தொண்டையைச் செருமியதுபோல. படுக்கையறை மூலையில், குழாய்க் கசிவில் ஊறிக் கிடந்த மண்ணுக்குள் ஒரு ஜாக்கி புதைந்துகொண்டிருந்தது. விசில் நின்றது. உள்ளே ஏதோ அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் கிறீச்சொலி எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"யாரும் கைய எடுக்காதீங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு அந்த மூலைக்கு நடந்தார். ஓடவில்லை. பிறகு சுவரைப் பார்த்து, "ஏம்மா, வெளிய வந்துரு" என்றார். அப்படி அவர் கூப்பிட்டு ஒருநாளும் கேட்டதில்லை என்று ஆட்கள் பின்னால் சொன்னார்கள்.

உள்ளிருந்து அவள் குரல் வந்தது. "தண்ணி இந்த மூலைக்கு வழியுதுங்க. நான் வந்துட்டா யாரு பாக்கறது? நீங்க வேற ஜாக்கி குடுங்க."

"வான்னா வா."

"குடுங்கன்றேன்ல."

அவர் மறுபடி கூப்பிடவில்லை. இடது கையைச் சுவரில் ஊன்றி, வலது கையால் ஆட்களுக்குச் சைகை காட்டினார். ஈர மண்மேல் தடித்த பலகைகளைப் பரப்பி, புது ஜாக்கியை நிறுத்தித் திருகத் தொடங்கினார்கள். கதவு, ஜன்னல், நிலை என்று வீடு மொத்தமும் முனகியது. அதற்குள்ளிருந்து, பிள்ளையைத் தூங்கவைப்பவளைப்போல அவள் குரல் வந்துகொண்டிருந்தது. "இன்னும்... இன்னும் கொஞ்சம்... அவ்ளோதான்." அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அக்கா இந்த வீட்டில் எப்படிக் கால்வைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா விளையாட்டையெல்லாம் மறந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீடு நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்து உதறினார்கள். அவள் வாசலில் சாய்த்திருந்த பலகை வழியே இறங்கி வந்து, "நின்னுருச்சுங்க" என்றாள். அவர் தலையாட்டினார். சுவரில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை. விரல்கள் விறைத்துப்போய் எடுக்க முடியவில்லை என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அவ்வளவு பெரிய வீட்டை அந்த ஒற்றைக் கை என்ன தாங்கியிருக்கும்?

 அவள் பக்கத்தில் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து பிரித்தாள். பிரித்த கையைக் கீழே விடாமல், தன் தோளில் ஊன்றவைத்தாள்.