வழித்துணைக்கு ஒரு மீசை

என் தம்பி எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். கச்சா எண்ணெயோடு அந்தக் குறுகலான ஜலசந்தியைக் கடக்கப் போகிறோம் என்று அவன் சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதற்கு முன் போன கப்பல் ஒன்றை ட்ரோன் அடித்திருந்தது. சித்தூரில் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் மாங்கூழ் டிரம்களும் அந்த வழிக்குப் பயந்து துறைமுகத்தில் கிடந்தன. கூழ் காத்திருக்கலாம். தம்பியின் கப்பல் கிளம்பிவிட்டது.

முன்னால் ஒரு நாட்டுப் போர்க்கப்பல், பின்னால் இன்னொரு நாட்டுடையது, மேலே மூன்றாவது நாட்டு விமானம் என்று தம்பி போனில் சொன்னதை நைனாவிடம் சொன்னேன். நைனா என்றால் எங்கள் அப்பா; நகரிப் பக்கம் எங்கள் ஊரில் விவசாயம் பார்க்கிறவர்.

"ஒரு ஏரித் தண்ணிய ரெண்டு ஊரு பங்கு போட்டுக்கத் தெரில இங்க. அவங்க ஒத்துமையா போய்க்கினு கீறாங்களா?" என்று சிரித்தார். சிரித்த கையோடு, திருப்பதிக்கு மொட்டை வேண்டிக்கொண்டார்.

ஒரு நாள் காலையில், தாண்டிவிட்டோம், போர்க்கப்பல்கள் திரும்பிவிட்டன என்று எனக்கும் தம்பி மனைவிக்கும் மெசேஜ் வந்தது. நைனா அன்றைக்கே தனியாகத் திருப்பதி பஸ் ஏறினார்.

எங்கள் பக்கம் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் எங்கள் வீட்டு ஆண்கள் வேண்டுதலுக்கு மீசையை எடுக்க மாட்டார்கள். மீசை போனால் வீட்டில் சாவு என்று அர்த்தம். மறுநாள் சாயங்காலம் நைனா மீசையில்லாமல் வந்து நின்றார்.

அரிசி களைந்துகொண்டிருந்த தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். போர்க்கப்பல்கள் திரும்பிய பிறகு ஏதோ நடந்திருக்கிறது, அதை மாமனாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டாள். சத்தமே வராமல் அப்படியே சரிந்தாள். நான் போனை எடுத்துத் தம்பியின் கடைசி மெசேஜைத் தேடினேன். அதற்குள், தெருவில் நைனாவைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு ஒப்பாரிக்கு ஓடி வந்தார்கள். இந்த விஷயத்தில் மட்டும் எங்கள் தெரு படு சுறுசுறுப்பு.

"ஐயோ, அவன் நல்லா கீறான்மா!" என்று நைனா பதறினார். "தலை நம்ம புள்ளைக்கு. கூட வந்த கப்பல்காரங்க எந்தெந்த தேசமோ, அவங்களுக்கு யாரு வேண்டிக்குவா? அதான் மீசையும் குடுத்துட்டு வந்தேன்."

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது முளைக்கிற வரைக்கும் என் எதிர்ல வராதீங்க மாமா."

அன்று ராத்திரியே தம்பி வீடியோவில் வந்து பேசினான், சிரித்தான். ஆனாலும் மீசை முளைக்கும் வரை அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் நைனாவுக்குச் சோறு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.