ஒரே பேரில் இரண்டு குளிரறை

அர்விந்தின் கைகள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தன. நகத்தை நுழைத்து ஓட்டைப் பிளப்பது, தோலைத் தேய்த்து ஊதுவது, பருப்பை வாயில் எறிவது. இந்த வேலையில் அவனுக்கு இணையானவன் டெல்லி கரோல் பாகில் கிடையாது. ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடி வெயில், எதிரே அப்பா வைத்தி, நடுவில் ஓட்டுக் குவியல். அதைப் பெருக்கப்போகிறவள் ரோஹிணி என்பதால் அப்பாவும் பிள்ளையும் தாராளமாகவே இறைத்தார்கள்.

ரோஹிணி, அர்விந்தின் மனைவி, துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். நாள் முழுக்க அழுகிற குழந்தைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அழாத குழந்தைகள் இரண்டு, புருஷனும் மாமனாரும். அழாத குழந்தையைத்தான் உற்றுக் கவனிக்க வேண்டும் என்பது அவள் தொழிலில் பாலபாடம்.

வைத்தி மத்திய அரசு குமாஸ்தாவாக முழு சர்வீஸ் போட்டு ஓய்வு பெற்றவர். அந்நாளில் அவரிடம் இரண்டு கோட்டு இருந்தன. ஒன்று உடம்புக்கு, இன்னொன்று ஆபீஸ் நாற்காலிக்கு. குளிர்காலம் பூராவும் கோட்டு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும், வைத்தி புல்வெளியில் உட்கார்ந்து சீட்டாடுவார். அதிகாரி எட்டிப் பார்த்தால், "இப்பத்தான் எழுந்து போனார் சார்" என்று பக்கத்து நாற்காலி சொல்லும். இதை அவர் விருந்தாளிகளிடம் வீரக்கதைபோலச் சொல்லுவார்.

அர்விந்த் டெல்லியில் பிறந்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. கம்ப்யூட்டர் படித்ததற்குச் சுவரில் மூன்று சான்றிதழ்கள் மாட்டியிருக்கிறான். லாலாஜி என்ற மருந்து மொத்த வியாபாரியிடம் நெட்வொர்க் எஞ்சினியர். அவன் தப்பே செய்யமாட்டான் என்று வைத்தி சொல்லுவார். தப்பு செய்கிற அளவுக்கு வேலை செய்தால்தானே என்று ரோஹிணி நினைத்துக்கொள்வாள்.

துணி பாதி உலர்த்தும்போது மாடிப்படியில் மூச்சிரைக்க ஒருவர் ஏறி வந்தார். மூக்கன், கம்பெனியின் கரோல் பாக் கோடௌனைப் பார்த்துக்கொள்பவர்.

"சார், இன்சுலின் பூரா உறைஞ்சு கெடந்துச்சு சார். காலையில கதவத் தொறந்தா எல்லாம் கல்லு. ரெகுலேட்டர் மாட்டிக்கிச்சு. மெக்கானிக்கக் கூட்டியாந்து மாத்திட்டேன். இப்ப எளகிருச்சு, பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியல."

"அப்ப சரியாப்போச்சே," என்றான் அர்விந்த்.

"என்ன சார் சரி? ஒருக்க உறைஞ்சா அது மருந்தில்ல, தண்ணி. நாளைக்குக் காலையில லாரி வருது. ஏத்தாதீங்கன்னு லாலாஜிகிட்டச் சொன்னேன். ‘ஸ்கிரீன்ல நேத்துலேர்ந்து நாலு டிகிரிதான் காட்டுது, ஸ்கிரீன் பொய் சொல்லாது, நீதான் சொல்றே’ன்னுட்டாரு. ஏத்து, இல்லாட்டி சாவியக் குடுத்துட்டுப் போங்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

அர்விந்த் ஒரு கடலையை உரித்தான். "ஸ்கிரீன்ல நாலுன்னா நாலுதான் மூக்கன்."

மூக்கன் அவனைப் பார்த்தார், கடலை ஓட்டைப் பார்த்தார். இறங்கிப் போனார்.

ரோஹிணி வாளியைக் கீழே வைத்தாள். "அவர் சொல்றது நிஜம்தானே?"

"அதெல்லாம் டெக்னிகல்."

"நான் சர்க்கரை வியாதிக்காரிகளுக்கு இன்சுலின் போட்டிருக்கேன். எனக்கும் கொஞ்சம் டெக்னிகல் தெரியும். சொல்லுங்கோ."

பிடுங்கிப் பிடுங்கி வாங்கினாள். கம்பெனிக்கு இரண்டு கோடௌன்: ஒன்று இங்கே, ஒன்று ஃபரீதாபாதில். இரண்டிலும் குளிரறைப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் ஏஜென்ட் என்று ஒரு சின்ன புரோகிராம். குளிர் எவ்வளவு என்று தலைமை ஆபீசுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதே அதற்கு வேலை. முதல் கம்ப்யூட்டரை ஃபரீதாபாதுக்காக ஒழுங்காகத் தயார் செய்தான். இரண்டாவதற்கு சோம்பல். முதலாவதன் டிஸ்கை அப்படியே நகலெடுத்து மாட்டிவிட்டான்.

"ரெண்டு இடத்திலேயும் கம்ப்யூட்டரோட உள் அட்ரஸ் ஒண்ணுதான். அதனாலதான் குழப்பம்," என்றான்.

"அட்ரஸ் ஒண்ணா இருந்தா என்ன? சி-பதினாலுன்னு வீடு எல்லா காலனியிலேயும் இருக்கு. கடுதாசியில காலனி பேரை எழுதினா போயிடப்போறது."

விஷயம் அட்ரஸில் இல்லை என்று அர்விந்துக்குத் தெரியும்; அதையும் அவள் சொல்லவைத்தாள். ஏஜென்ட் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. டிஸ்கோடு அந்த எண்ணும் நகலாகிவிட்டது. முதலில் வந்து பேர் சொன்ன ஃபரீதாபாதை, தலைமை ஆபீசில் கணக்கு வாங்கும் சர்வர் உள்ளே சேர்த்துக்கொண்டது. அதே எண்ணோடு வந்த கரோல் பாகைப் போலி என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"அப்போ ஸ்கிரீன்ல ஒரு வரிதானே வரணும்? கரோல் பாகுக்கு நாலுன்னு எப்படி வந்தது?"

அவன் வெயிலைப் பார்த்தான், காகத்தைப் பார்த்தான். கடைசியில் சொன்னான். லாலாஜி ஒருநாள், "தோ கோதாம், லைன் ஏக் ஹீ?" என்று, கோடௌன் இரண்டு இருக்க வரி ஒன்றுதானா என்று, கேட்டாராம். சரிசெய்ய நேரம் பிடிக்கும். ஆகவே ஃபரீதாபாத் வரியையே இரண்டு தடவை காட்டச்சொல்லி, இரண்டாவதன் தலையில் கரோல் பாக் என்று பெயர் எழுதிவிட்டான். இரண்டும் பச்சையாக எரிந்தன. லாலாஜிக்கு சந்தோஷம்.

வைத்தி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அச்சா! நம்ம கோட்டு வித்தைடா இது! ஆள் இல்லே, கோட்டு இருக்கு! ரோஹிணி, இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்காதே. முப்பது வருஷம் அந்தக் கோட்டு வேலை பார்த்தது, யாராவது செத்தாளா?"

"உங்க கோட்டு ஃபைல்தான் பார்த்தது அப்பா. இன்சுலின் பார்க்கலே."

வைத்திக்குச் சிரிப்பு நின்றது. கடலை நிற்கவில்லை.

"எங்க வார்டில ரெண்டு குழந்தை கால்ல ஒரே பேர் அட்டை இருந்தா என்ன பண்ணுவோம் தெரியுமா?" என்றாள் ரோஹிணி, புருஷனைப் பார்த்து. "ஒண்ணை மட்டும் மாத்திட்டு அக்கடான்னு இருக்கமாட்டோம். ரெண்டையும் அவிழ்ப்போம். அம்மாவைப் பக்கத்தில நிக்க வெச்சு, சரிபார்த்துத்தான் புதுசு கட்டுவோம். அதுவரைக்கும் ரெண்டையும் யார்கிட்டேயும் கொடுக்கமாட்டோம். காலம்பற லாரிக்கு முன்னாடி நீங்க இதைப் பண்ணணும்."

"லாலாஜிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"பண்ணாட்டா மூக்கன் வேலை போயிடும். அந்த மருந்தைப் போட்டுக்கறவாளுக்கு அதைவிடப் பெரிசா போகும். லாலாஜிகிட்ட நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?"

அன்று ராத்திரி அவனுக்குத் தலைவலி வந்தது. ரோஹிணி ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை அவள் தன் டியூட்டியை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு, வைத்தியின் பழைய நாற்காலிக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்த புருஷனைக் கோடௌனுக்கு நடத்திக்கொண்டு போனாள். லாரி வாசலில் நின்றது. லாலாஜி ஆபீஸ் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூக்கன் குளிரறைப் பூட்டில் முதுகைச் சாய்த்து நின்றார். சாவி அவர் மடியில் இருந்தது.

அர்விந்த் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். முதலில் ஸ்கிரீனிலிருந்து பொய் வரியை அழித்தான். பிறகு ஏஜென்டிலிருந்து நகல் எண்ணைத் துடைத்தான். ஃபரீதாபாதிலும் துடைக்கச்சொல்லி அங்கிருந்த ஆளுக்கு ஃபோன் செய்தான். ஸ்கிரீனில் இரண்டு கோடௌனும் இல்லாமல் போயின. லாலாஜி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

இடத்தின் பெயரை முன்னால் சேர்த்து ஒவ்வொன்றும் சர்வரிடம் புது எண் வாங்கியது. மூக்கன் உள்ளே போய், சுவரிலிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்து, "அஞ்சு!" என்று குரல் கொடுத்தார். ஸ்கிரீனில் கரோல் பாக் ஐந்து என்று வந்தது. ஃபரீதாபாத்காரன் ஃபோனில் நாலு என்றான். அங்கே நாலு வந்தது. அதற்கப்புறம்தான் ரோஹிணி தலையை ஆட்டினாள்.

சர்வர் உள்ளே விடாத அளவுகளெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரிலேயே தேங்கிக் கிடந்தன. வாசல் திறந்ததும் அவை மடமடவென்று போய்ச் சேர்ந்தன. சனிக்கிழமை ராத்திரி முழுக்க மைனஸ் ஆறு. கரோல் பாக் வரி சிவந்தது.

"யே க்யா ஹை?" என்று லாலாஜி சிவப்பைக் காட்டிக் கேட்டார்.

"சாஃப்ட்வேர்ல ஒரு பக் இருந்தது சார்," என்று அர்விந்த் ஹிந்தியில் ஆரம்பித்தான்.

ரோஹிணி தொண்டையைக் கனைத்தாள்.

"நான்தான் சார்," என்றான். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னான்.

லாலாஜி அவனைத் திட்டிய திட்டில் லாரி டிரைவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டான். மூக்கனிடம் லாலாஜி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வம்சமில்லை. "ஏத்த வேண்டாம், தனியா எடுத்து வை," என்றார். அர்விந்தைக் காட்டி, "இவனும் தூக்கட்டும். மத்தது அப்புறம்," என்றார்.

மூக்கன் மெல்லிய சட்டையோடு குளிரறைக்குள் போனார். அர்விந்த் கோட்டைக் கழற்றிப் பழக்க தோஷத்தில் நாற்காலி முதுகில் மாட்டினான். ரோஹிணி அதை உருவி எடுத்து மூக்கனிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோங்கோ. உள்ளே குளிரும்."

மூக்கன் போட்டுக்கொண்டார். கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுக்கொண்டார். அர்விந்த் முதல் பெட்டியைத் தூக்கினான். அவன் அதைத் தரையில் வைத்து நிமிர்வதைப் பார்த்துவிட்டு, ரோஹிணி பஸ் பிடிக்கப் போனாள்.