நான்காம் மெஷினில் ஏழுமலை

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. சுடுகாட்டு ஓரத்தில் படுத்துத் தூங்கியவன் நான். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அதுவும் கம்ப்யூட்டருக்குள் என்றால் சிரித்தே இருப்பேன்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் மாமல்லபுரத்தில், தாமோதரன் என்பவரின் பிரவுசிங் சென்டரில் சேர்ந்தேன். படிப்பு எட்டாவது. படுக்க இடமும் சோறும் உண்டு என்றதால் எதையும் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன். அங்கே இருந்த ஐந்து கம்ப்யூட்டரும் கிழட்டு மெஷின்கள், கனமான எதையும் தாங்காது. அதனால் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை ஏற்றி, அதில் இருப்பதிலேயே லேசான திரையைப் போட்டிருந்தார். ஐகான் கிடையாது, கீழே பட்டை கிடையாது, வெறும் கறுப்பு. வருகிறவர்கள் மெஷின் அணைந்திருக்கிறது என்று நினைத்து சுவிட்சை அழுத்துவார்கள், அப்போதுதான் அது நிஜமாகவே அணையும். ஆகவே திரையில் ஏதாவது படம் போடச் சொன்னார். ஒரு ஃபைலைத் திறந்து படத்தின் பெயரை ஒரு வரியில் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஐந்திலும் கடற்கரைக் கோயிலை வைத்தேன், திரையில் திறக்கும் ஜன்னல்களின் ஓரங்களுக்கு நீல நிறம் கொடுத்தேன்.

மறுநாள் நான்காம் மெஷினின் திரையில், கோயில் இருந்த இடத்தில் ஒரு ஆள் நின்றான். கூலிங்கிளாஸ், கிளிப்பச்சைச் சட்டை, சாய்ந்துகொள்ள நம்பர் பிளேட் மாட்டாத புது ஆட்டோ.

"இன்னாடா, ஏழுமலை மூஞ்சிய வச்சிகீற?" என்றார் தாமோதரன். எனக்கு முன் அங்கே வேலை பார்த்து, சொல்லாமல் போனவனாம்.

மாற்றினேன். மறுபடி வந்தான். ஃபைலில் கோயிலின் பெயர்தான் இருக்கிறது, திரையில் இவன் நிற்கிறான். டிஸ்கையே அழித்துப் புதிதாக ஏற்றினோம். சாப்பிட்டுவிட்டு வந்தால் பல்லைக் காட்டுகிறான்.

"பாவம், செத்துட்டான் போலகீது" என்று மானிட்டருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரமும் காட்டினார். இரண்டு வாரமாகியும் போகவில்லை. "நாளைக்கும் இவன் இங்க நின்னான்னா நீ மூட்டைய கட்டிக்க" என்றார்.

மறுநாளும் நின்றான். நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்த பகல் பதினொரு மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கிளிப்பச்சைச் சட்டை இறங்கியது.

"இன்னா மொதலாளி, ஊரப்பாக்கத்துல வண்டி ஓட்டப்போறேன். புது வண்டிய காட்டலாம்னு வந்தேன்" என்றவன், மானிட்டரைப் பார்த்தான். "எவன்டா எனக்கு மால போட்டது?"

"அத்த வுடு. இந்த போட்டோ எப்போ எட்த்தது?"

"யாரு எட்த்தா? வண்டி நேத்துதான் வந்துச்சி, இன்னும் நம்பர்கூட வரல. சட்ட இன்னிக்குதான் பிரிச்சேன்."

அவன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போன வேகம் இருக்கிறதே! படமும் அத்துடன் போய்விட்டது. என் வேலை தப்பியது. ஆனாலும் எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது, ஏழு மாதத்தில் செய்யூர் பக்கம் சவுக்கு லோடு ஏற்றப் போய்விட்டேன். அங்கே ஒருநாள் தாமோதரன் போன் செய்தார்.

"டேய், நாலாம் நம்பர்ல இப்போ நீ நிக்கிற. மண்டையெல்லாம் நரச்சிகீது. கையில மூட்ட. ஏதோ பச்சக் கதவ தட்டிகினு கீற."

"அப்புறம்? கதவு தொறந்துச்சா மொதலாளி?"

"படத்துல எப்பிட்றா தொறக்கும்?" என்று வைத்துவிட்டார்.

இப்போது எனக்கு முக்கால் தலை நரைத்துவிட்டது. எந்த ஊரில் வேலை கேட்கப் போனாலும் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன். பச்சையாக இருந்தால் தட்டுவதில்லை, அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறேன்.